லிவரி யார்டுக்காரரோடு ஒத்துப்போகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் குதிரை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். அதனாலோ என்னவோ, யாருக்காவது யார்டில் (காசு கட்டிக் குதிரையை விட்டுவைக்கும் இடம்) தகராறு என்றால் சுற்றிச் சுற்றி என் போனுக்கு வந்துவிடுகிறது. மகளின் போனியோடு (குட்டை இனக் குதிரை) 11 வருடத்தில் மூன்று யார்டு பார்த்தவள் நான். முதல் யார்டிலிருந்து கண்ணீரோடு விடைபெற்றோம். இரண்டாவதிலிருந்து விடியற்காலை 6 மணிக்கு, யாரும் எழுந்திருக்குமுன் கிளம்பினோம். இப்போது இருப்பது மூன்றாவது.

கேட்பது எப்போதும் ஒரே சந்தேகங்கள்தான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். இடத்தின் சொந்தக்காரரை யார்டுக்காரர் என்றும், அங்கே குதிரையை விட்டிருப்பவரைக் குதிரைக்காரர் என்றும் சொல்கிறேன். சட்டம் பற்றி வருவதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் வேறு சட்டங்கள். நான் வக்கீல் இல்லை.

லிவரின்னா என்ன? வாடகை வீடு மாதிரி, குதிரைக்கு வாடகை இடமா?

கிட்டத்தட்ட. மாதாமாதம் அல்லது வாராவாரம் பணம் கட்டி உங்கள் குதிரையை இன்னொருவர் இடத்தில் வைப்பது. 'டிஐஒய்' என்றால் கொட்டிலும் மேய்ச்சலும் மட்டும் அவருடையது. காலை மாலை போய்ச் சாணி அள்ளுவது, தீனி, தண்ணீர் எல்லாம் உங்கள் வேலை. 'ஃபுல் லிவரி' என்றால் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நடுவில் 'பார்ட் லிவரி'. கொட்டிலே இல்லாமல் மேய்ச்சலில் மட்டும் விடுவது 'கிராஸ் லிவரி'. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு உங்கள் குதிரையைச் சவாரிப் பள்ளிக்குப் பயன்படுத்துவது 'வொர்க்கிங் லிவரி'.

வாடகை வீட்டோடு ஒப்பிடுவதில் ஒரு ஆபத்து உண்டு. குடியிருப்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு குதிரைக்காரருக்குக் கிடையாது. பேசிக்கொண்ட அவகாசம் கொடுத்துவிட்டு 'போய்விடுங்கள்' என்றால் போக வேண்டியதுதான், காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

யார்டு நடத்த லைசென்ஸ் இருக்கும்ல? கவுன்சில்ல புகார் கொடுத்தா பிடுங்கிடுவாங்களா?

முதல் ஏமாற்றம் இங்கேதான். குதிரையைச் சவாரிக்கு வாடகைக்கு விடும் பள்ளிகளுக்கு 2018ஆம் ஆண்டு விலங்கு உரிம விதிகளின்படி கவுன்சில் (உள்ளூராட்சி) லைசென்ஸ் தேவை. வெறும் லிவரி யார்டுக்கு இங்கிலாந்தில் அப்படி எதுவும் தேவையில்லை. நிலமும் நாலு கொட்டிலும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி என்ற குதிரைநல அமைப்பு நேரில் வந்து பார்த்து அங்கீகாரம் தருகிறது. ஆனால் அது விருப்பப்பட்டவர்கள் சேரும் ஏற்பாடு.

ஆகவே 'மேலிடம்' என்று ஒன்று இல்லை. குதிரை பட்டினி கிடக்கிறது, காயத்துக்கு மருந்தில்லை என்கிற அளவுக்குப் போனால் ஆர்எஸ்பிசிஏ அல்லது வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர் என்ற விலங்குநல அமைப்பைக் கூப்பிடலாம். திட்டினார், பில்லில் கூட்டினார் என்பதற்கெல்லாம் அவர்கள் வர மாட்டார்கள்.

எழுத்துல ஒண்ணும் இல்ல, வாய்ப்பேச்சுதான். மாட்டிக்கிட்டோமா?

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், செல்லும். என்ன பேசினோம் என்று நிரூபிப்பதுதான் பாடு. இன்றைக்கே யார்டுக்காரருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். குற்றப்பத்திரிகை மாதிரி வேண்டாம். 'எனக்கு மறந்துபோகும், அதனால் எழுதி வைக்கிறேன், தவறிருந்தால் சொல்லுங்கள்' என்று ஆரம்பித்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அதில் இருக்க வேண்டியவை: மாதம் எவ்வளவு, அதற்குள் எதெல்லாம் அடக்கம். எத்தனை கிலோ ஹே (காயவைத்த புல்). குதிரையை யார் வெளியே விட்டு யார் உள்ளே கொண்டுவருவது. உங்களைப் பிடிக்க முடியாத நேரத்தில் வெட்டை, அதாவது கால்நடை மருத்துவரை, கூப்பிட யாருக்கு அதிகாரம், எந்தத் தொகை வரை. எத்தனை வார நோட்டீஸ் (நான்கு வாரம் சகஜம்). கட்டணம் ஏற்றினால் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும். கடைசி இரண்டையும் எழுதாமல் விட்டவர்கள்தான் பின்னால் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அந்தம்மா எதுக்கெடுத்தாலும் கத்துறாங்க. தப்பு என் மேலயா, அவங்க சுபாவமே அப்படியா?

இதற்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு வரும் புகார்களில் பாதி இதுதான். கடுகடுப்பும் கெட்ட குணமும் ஒன்றல்ல. எங்கள் முதல் யார்டுக்காரம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. சேர்ந்த இரண்டாம் வாரம் என் மகள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது, ஹே வலையைத் தன் உயரத்துக்குத் தாழ்வாகக் கட்டிவிட்டாள். அந்தம்மா முற்றத்தின் மறுகோடியிலிருந்து கத்திக்கொண்டே வந்து அவிழ்த்தார். மகள் அழுதாள், எனக்கும் கோபம். பிறகு அவரே ஒரு காலி வலையை மாட்டிக் காட்டினார். தின்னத் தின்ன வலை தொங்கி இறங்குகிறது. குதிரை முன்காலால் தரையைப் பறித்தால் லாடம் அந்தக் கண்ணியில் மாட்டும். மாட்டினால் மிரண்டு இழுக்கும், கால் போகும். கத்தினது நியாயம்தான்.

வேலிக் கதவு, தண்ணீர்க் குழாய், பெருக்குவது, நாயைக் கூட்டி வருவது என்று கண்டிப்பாக இருப்பவர்களின் யார்டில் குதிரைகள் நன்றாகவே இருக்கும். புதிதாக வரும் குதிரையை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டச் சொல்கிறார் என்று ஒருவர் குமுறினார். ஸ்ட்ராங்கிள்ஸ் என்று ஒரு தொற்று, தொண்டையில் சீழ்க்கட்டி வரும். மொத்த யார்டையும் வாரக்கணக்கில் முடக்கிவிடும். தனியே கட்டச் சொல்லாத யார்டுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

கவலைப்பட வேண்டிய ஆள் வேறு மாதிரி இருப்பார். நேற்று சொன்ன விதியை இன்று மாற்றுவார். ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு வேறு. உங்கள் குதிரைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் வராது, 'என்னை நம்பவில்லையா' என்று கேள்விதான் திரும்பி வரும்.

ஹே கம்மியா போடுறாங்களோன்னு சந்தேகம். கேட்டா சண்டை வரும். எப்படிக் கண்டுபிடிக்க?

முதலில் ஒன்று: ஹே என்பது வைக்கோல் இல்லை, காயவைத்த புல். வைக்கோல் பெரும்பாலும் கீழே பரப்புவதற்கு. நம்மவர்கள் இரண்டையும் குழப்பி, யார்டுக்காரரிடமே 'வைக்கோல் போதவில்லை' என்று சொல்லி அது வேறு தகராறாகியிருக்கிறது.

உடம்பு எடையில் குறைந்தது 1.5 சதவீதம் உலர் தீனி தினமும் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஹேயில் கொஞ்சம் ஈரமும் இருப்பதால், மேய்ச்சல் இல்லாத நாளில் 500 கிலோ குதிரைக்கு ஏறக்குறைய 9 கிலோ ஹே. நிறுத்துப் பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். ஊருக்குப் போகும்போது பெட்டி 23 கிலோவைத் தாண்டுகிறதா என்று தூக்கிப் பார்ப்போமே, அந்தக் கைத்தராசு போதும். இரண்டாவது யார்டில் இரவு வலைக்கு 5 கிலோ என்று பேச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மாட்டத் தயாராக இருந்த வலையைத் தராசில் கோர்த்தேன்: 3.2. மறுநாள் 3.4. வெள்ளிக்கிழமை 3.1. கையால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, வலை உப்பலாகத்தான் இருக்கும்.

நான்கைந்து நாள் எழுதி, தராசு முள் தெரியப் படமும் எடுத்தபின் பேசுங்கள். 'குறைக்கிறீர்கள்' என்று ஆரம்பிக்காமல் 'எடை இறங்குகிறது, வலையை 5 கிலோவாக நிறுத்துக் கட்ட முடியுமா' என்று கேளுங்கள். நல்லவராக இருந்தால் வேலைக்காரப் பையனின் கைக்கணக்குத் தப்பு என்று அவருக்கே அப்போதுதான் தெரியும். எங்கள் விஷயத்தில் அப்படி இல்லை.

நாங்க இல்லாதப்போ யாரோ எங்க குதிரைல சவாரி போறாங்க போல. கேக்கலாமா?

கேட்டே ஆக வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் ஒப்பந்தத்தில் வொர்க்கிங் லிவரி என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அனுமதியில்லாத சவாரி நேரடி ஒப்பந்த மீறல். முதுகில் சேணம் வைத்த வடிவில் காய்ந்த வியர்வைத் தடம், நீங்கள் மாட்டாத துளையில் மாட்டியிருக்கும் கடிவாள வார், இரண்டுமே நல்ல சாட்சி. விழுந்து யாருக்காவது அடிபட்டால் இன்சூரன்ஸ் பதில் சொல்லுமா என்பதுதான் பெரிய தலைவலி. அன்றே எழுத்தில் 'என் அனுமதியில்லாமல் யாரும் ஏறக்கூடாது' என்று அனுப்பிவிடுங்கள்.

வெட்டைக் கூப்பிட அவரிட்டைக் கேக்க வேணுமாம். லேமினைட்டிஸ் (குளம்பு நோய்) இருக்கிற போனியை, சொல்லியும் கேளாமல் புல்லுக்கு விட்டிட்டார். என்ன செய்யிறது?

வெட்டைக் கூப்பிட யாருடைய அனுமதியும் வேண்டாம். 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குதிரையின் தேவைகளைக் கவனிக்கும் கடமை உங்களுக்கு உண்டு. தற்காலிகமாகப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் உண்டு. அதாவது அவர் தடுப்பது உங்கள் கடமையை மட்டுமல்ல, தன்னுடையதையும்தான். யார்டுக்கென்று ஒரு வெட் இருந்தாலும் உங்கள் வெட்டை நீங்கள் கூப்பிடலாம். வரும் நேரத்தை மட்டும் மரியாதைக்குத் தெரிவியுங்கள்.

லேமினைட்டிஸ் விளையாட்டுக் காரியமில்லை. குளம்புக்குள் எலும்பைப் பிடித்து நிறுத்தும் மென்திசு வீங்குகிறது. முற்றினால் எலும்பே உள்ளே கீழிறங்கும். இளம்புல்லின் சர்க்கரை பெரிய காரணம். வசந்தத்தில் ஆபத்து அதிகம், உறைபனி விழுந்து வெயிலடித்த காலையிலும் உண்டு. போனி முன்கால்களை நீட்டிப் பின்பாரமாகச் சாய்ந்து நின்றால், குளம்பு சுட்டால், உடனே உள்ளே கட்டிவிட்டு வெட்டுக்குப் போன் செய்யுங்கள். யார்டுக்காரரோடு வாக்குவாதம் அப்புறம்.

'பச்சைப் புல்லைக் காட்டாமல் வைப்பது பாவம்' என்று அவர் மனதார நம்பியிருக்கலாம். அப்படிப்பட்டவரிடம் உங்கள் பேச்சு எடுபடாது, வெட்டின் கடிதம் எடுபடும். இரண்டு வரி வாங்கி, ஒரு பிரதியை அவருக்கு அனுப்பி, இன்னொன்றைக் கொட்டில் கதவில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகும் விட்டாரென்றால் கவனக்குறைவு என்று காட்டுவது சுலபம். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி காசு வாங்கிச் செய்யும் சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். வெட் பில்லை அவரிடம் கேட்கவும் வழியுண்டு. ஆனாலும் என் யோசனை: இது நடந்த அன்றே வேறு இடம் தேட ஆரம்பியுங்கள்.

யார்டு வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றிக் கேவலமாக எழுதுகிறார். பதில் கொடுக்கட்டுமா?

வேண்டாம். படம் பிடித்து வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

நோட்டீஸ் கொடுத்தா அந்த நாலு வாரமும் கோபத்தைக் குதிரை மேல காட்டிடுவாரோன்னு பயமா இருக்கு.

நியாயமான பயம். நீங்கள் தூங்கும்போது உங்கள் குதிரை அவர் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் சண்டை போடுமுன் இடம் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். முதலில் புது யார்டு உறுதியாக வேண்டும். நல்ல டிஐஒய் இடம் குதிரைக்கொம்பு, காத்திருப்போர் பட்டியல் நீளும், எனவே ஒருநாள் கோபத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நடுரோட்டில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். இங்கே குதிரைக்காரர் உலகம் சின்னது. பழைய யார்டைப் பற்றிப் புது இடத்தில் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாலும் அன்று சாயங்காலமே திரும்பிப் போய்ச் சேரும். 'வீட்டுக்குப் பக்கம்' என்று காரணம் சொல்லுங்கள்.

இடம் கிடைத்தபின் சேணம், கம்பளிப் போர்வைகள், தீனி டப்பாக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குதிரையின் பாஸ்போர்ட்டை, அதாவது அதன் அடையாள ஆவணத்தை, ஏதாவது சாக்கில் கையில் வாங்கிவிடுங்கள் (அடுத்த கேள்வி). பிறகு எழுத்தில் நோட்டீஸ், கூடவே நோட்டீஸ் காலத்துப் பணம் முழுவதும் பேங்க் மூலம். பணம் கட்டிவிட்டால் அத்தனை நாளும் அங்கேயே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஹே எடை விவகாரத்துக்குப் பிறகு நாங்கள் அப்படித்தான் செய்தோம். முந்தைய இரவு பணமும் மெசேஜும் அனுப்பினோம், காலை 6 மணிக்கு வண்டி வந்தது. இருட்டில் போனி ஏறுமோ ஏறாதோ என்று மகள் வாளியில் தீனியைக் குலுக்கிக்கொண்டு சரிவுப் பலகையில் நின்றாள். சத்தம் கேட்டு மாடி விளக்கு எரிந்தது, யாரும் வரவில்லை. நான்கு வாரப் பணம் வீண்தான். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

பாஸ்போர்ட்டைக் குடுக்க மாட்டேங்கறார். அது என்னோடதுதானே?

அவர் வைத்திருந்ததில் தவறில்லை. இங்கே எல்லாக் குதிரைக்கும் பாஸ்போர்ட் கட்டாயம், 2020 அக்டோபர் முதல் மைக்ரோசிப்பும் கட்டாயம். குதிரை யார் பொறுப்பில் இருக்கிறதோ அங்கே பாஸ்போர்ட் இருக்க வேண்டும். வண்டியில் ஏற்றும்போதும் கூடவே போக வேண்டும். நீங்கள் கிளம்பும்போது பிடித்து வைத்துக்கொள்வதுதான் தவறு.

எழுத்தில் கேட்டு நாள் குறிப்பிடுங்கள். அப்போதும் தராவிட்டால் பாஸ்போர்ட் கொடுத்த அமைப்பையே தொடர்புகொள்ளுங்கள், எண்ணும் சிப் விவரமும் அவர்களிடம் இருக்கும். முக்கியமாக ஒன்று: பாஸ்போர்ட் சொத்துப் பத்திரம் இல்லை. அது அவர் மேசையில் கிடப்பதால் குதிரை அவருடையது ஆகாது. அதேபோல், உங்கள் பெயர் அதில் இருந்தாலும் அது மட்டுமே சாட்சியாகிவிடாது, வாங்கின ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள்.

பாக்கியைக் கட்டுற வரைக்கும் குதிரையை விட மாட்டேன்னு கேட்டைப் பூட்டிட்டார். போலீஸ்ட்ட போனா 'சிவில் விஷயம்'ங்கறாங்க!

போலீஸ் அப்படித்தான் சொல்வார்கள். பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமைக்கு லியன் என்று பெயர். கார் மெக்கானிக்குக்கு அது உண்டு. ஆனால் இங்கிலாந்துப் பொதுச் சட்டப்படி லிவரி யார்டுக்காரருக்குக் கிடையாது. குதிரைக்காரர் நினைத்த நேரத்தில் ஓட்டிப் போய்க் கொண்டுவருகிறார், யார்டுக்காரர் குதிரையின் மதிப்பைக் கூட்டவும் இல்லை என்பது பழைய வாதம். பழக்கித் தருபவருக்கு மட்டும் அந்த உரிமை இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 'பாக்கி இருந்தால் குதிரையைப் பிடித்து வைக்கலாம்' என்று ஒரு வரி இருந்தால் கதை மாறும். பலர் அந்த வரியைப் படிக்காமலே போட்டிருப்பார்கள். வரி இல்லையென்றால் அவர் செய்வது சட்டவிரோதம், வக்கீல் கடிதம் ஒன்று போதும், பெரும்பாலும் கேட் திறக்கும்.

குதிரை அவசரம் என்றால் வேறு வழி: 'ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்' என்று எழுதி, கேட்ட பணத்தைக் கட்டி, குதிரையை முதலில் வெளியே கொண்டுவாருங்கள். நியாயமில்லாத பகுதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பூட்டை உடைக்கிறேன் என்று இரவில் போகாதீர்கள்.

டெபாசிட் திரும்ப வரல. சின்னத் தொகைதான், கோர்ட்டுக்குப் போறது மதிப்பா?

10,000 பவுண்டு வரை சிறு வழக்கு முறையில் வக்கீல் இல்லாமல் ஆன்லைனிலேயே போடலாம். அதற்கு முன் 14 நாள் அவகாசம் தந்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். எனக்குத் தெரிந்த மூன்று பேருக்கு அந்தக் கடிதத்திலேயே பணம் வந்துவிட்டது.

இவ்வளவு தொல்லைக்கு நாமே ஒரு நிலத்தை வாங்கிப் போட்டா என்ன?

ஒரு குதிரைக்கு 1 முதல் 1.5 ஏக்கர் மேய்ச்சல் என்பது பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி கணக்கு. குதிரை தனியாக இருக்காது, துணை வேண்டும், ஆகக் குறைந்தது இரண்டு. விவசாய நிலத்தில் குதிரை வைத்துத் தீனி போட்டுச் சவாரி செய்வதற்குப் பெரும்பாலும் கவுன்சிலின் பிளானிங் அனுமதி (நிலத்தின் பயன்பாட்டை மாற்ற) தேவைப்படும். ராக்வொர்ட் என்ற மஞ்சள் பூச்செடி ஈரலைக் கெடுக்கும் விஷம். காய்ந்தாலும் விஷம் போகாது. அதை வேரோடு பிடுங்க வேண்டும். ஜனவரியில் தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டியை உடைக்க ஒரு நாளும் தவறாமல் யாராவது போக வேண்டும். தோழி ஒருத்தி வாங்கினாள். செலவுக்குக் கைகொடுக்கட்டும் என்று வெளிக்குதிரை ஒன்றையும் லிவரிக்குச் சேர்த்துக்கொண்டாள். அவள் கேட்டதுதான் அடுத்த கேள்வி.

எங்க இடத்துல குதிரையை விட்டவர் அஞ்சு மாசமா காசும் தரல, போனும் எடுக்கல. வித்துடலாமா?

ஒப்பந்தம் எங்கே என்றேன். வாய்ப்பேச்சுதானாம். ஆகவே மேலே கேட் பூட்டினவருக்குச் சொன்னது இவளுக்கும் பொருந்தும்: லியன் கிடையாது. குதிரைக்காரர் நாளை வந்து கூட்டிப்போகிறேன் என்றால் தடுக்க முடியாது, பாக்கிக்குத் தனியே வழக்குப் போட வேண்டும்.

ஆனால் அவர் வரவே இல்லையென்றால், கொண்டுபோகாத பொருளை விற்க 1977ஆம் ஆண்டு டார்ட்ஸ் சட்டம் (பிறர் பொருளில் தலையிடுவது பற்றியது) வழி தருகிறது. எந்தக் குதிரை, எங்கே இருக்கிறது, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குமேல் விற்பேன் என்று எழுதி, கையெழுத்து வாங்கும் தபாலில் அவருடைய கடைசி முகவரிக்கு அனுப்ப வேண்டும். பாக்கி இருக்கும்போது நோட்டீசுக்கும் விற்பனைக்கும் நடுவில் குறைந்தது மூன்று மாதம் விட வேண்டும். விற்ற பணத்தில் பாக்கியும் விற்பனைச் செலவும் போக மிச்சம் அவருக்கே. அனுப்புமுன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், நோட்டீசில் ஒரு தேதி தவறினாலும் விற்றது செல்லாமல் போகலாம்.

அந்த மூன்று மாதமும் தீனி, லாடம், தேவைப்பட்டால் வெட், எல்லாம் யார் தலையில் என்று கேட்டாள். அவள் தலையில்தான். 2006 சட்டத்தில் பொறுப்பில் வைத்திருப்பவர் என்றால் இப்போது அவளைத்தான் குறிக்கும். ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வைக்கச் சொன்னேன், ஹே வலையையும் தினம் நிறுத்துப் படம் எடுக்கச் சொன்னேன்.